இடி வாங்கப் பிறந்தது

போன ஐப்பசி மழையில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தள பார்க்கிங்கில் ஒரு தூண்மேல் காரை இடித்தேன். வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நடந்து போகிற ஆள்கூட என்னை முந்தியிருப்பார். ‘மொடக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் முன்பம்பரின் இடது ஓரத்தில் நான்கு விரல் நீளத்துக்குக் கிழிசல். மட்கார்டோடு சேருகிற இடத்தில் பம்பர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் பெயின்ட் ஒட்டியிருந்தது. என் பெயின்ட்.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டேப்லெட்டோடு வந்த இளைஞர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, “மாத்திடலாம் சார்” என்றார்.

“ஒட்ட முடியாதா?”

“பம்பருக்கெல்லாம் ரிப்பேர் கிடையாது சார். புதுசுதான். இன்ஷூரன்ஸ்ல போட்டுடலாம், உங்களுக்கு ஃப்ரீ மாதிரிதான்.”

எஸ்டிமேட் ரூ. 13,800. கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பணத்தைவிட வேறொன்று உறுத்தியது. பம்பர் என்றால் என்ன? இடியை வாங்கிக்கொள்கிற பொருள். அதற்காகவே வண்டியின் முன்னாலும் பின்னாலும் நிறுத்தி வைக்கப்பட்ட பொருள். அது முதல் இடியிலேயே செத்துப்போகும் என்றால், முதல் தூறலிலேயே குடையை மாற்றச் சொல்கிற மாதிரி இல்லையா?

(நம்மூரில் பம்பர் என்றாலே ஒரு தலைமுறைக்கு ஞாபகம் வருவது தீபாவளி பம்பர் குலுக்கல்தான். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்த பிறகு அந்தப் பம்பர் போய், இந்தப் பம்பர் மட்டும் மிச்சம். இதிலும் பரிசு நமக்கு விழுவதில்லை.)

அந்த உறுத்தலில் தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

*

முதல் பம்பர் எது என்று கேட்டால் வழக்கமாகச் சொல்லப்படுவது 1897இல் வந்த ‘பிரசிடென்ட்’ என்ற கார். அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில், இன்றைய செக் நாட்டில் இருக்கும் நெசல்ஸ்டோர்ஃப் என்ற ஊரில் ரயில் பெட்டிகள் செய்துகொண்டிருந்த கம்பெனி அதைத் தயாரித்தது. பிற்காலத்தில் டாட்ரா என்று பெயர் பெற்றது அந்தக் கம்பெனிதான். முன்னால் ஒரு வளைந்த சட்டம். அழகுக்குத்தான், பெரிய இடியை அது தாங்கியிருக்காது. ரயில் பெட்டி செய்கிறவர்கள் மூளையில் ‘முட்டினால் தாங்க ஒன்று வேண்டும்’ என்பது ஊறிப்போயிருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. ரயிலின் இரு முனையிலும் இருக்கிற அந்த வட்டத் தட்டு பஃபரைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

நிஜமாகவே இடி வாங்குவதற்கென்று யோசித்தவர் ஃபிரடெரிக் சிம்ஸ். இங்கிலாந்தில் மோட்டார் தொழிலைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். 1905இல் அவருடைய சிம்ஸ்-வெல்பெக் காரின் முகத்தில் காற்றடைத்த ரப்பர் பம்பர் இருந்தது. டயரை நெற்றியில் கட்டிக்கொண்ட மாதிரி. பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் அதில் இருந்த எண்ணம் சரியானது. இடிக்கிறவனும் மெதுவாக இடிக்க வேண்டும், இடிபடுகிறவனுக்கும் வலிக்கக் கூடாது. அந்த எண்ணத்துக்குத் திரும்பி வர உலகத்துக்கு அறுபது, எழுபது வருடம் பிடித்தது.

நடுவில் இரும்புதான் ஆண்டது. முதலில் பம்பர் காரோடு வரவில்லை. தனியாகக் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும், நாம் இன்றைக்கு சீட் கவர் வாங்குகிற மாதிரி. 1920களின் நடுவிலிருந்துதான் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே மாட்டி வரத் தொடங்கியது. பட்டை எஃகு, இரண்டு போல்ட், வளைந்தால் கழற்றி நிமிர்த்திக்கொள்ளலாம். அந்தப் பத்தாண்டின் இறுதியில் குரோம் முலாம் வந்தது. எஃகுக்குப் பளபளப்பு ஏறியதும் அதன் வேலையே மாறிவிட்டது. 1950களின் கெடிலாக் படங்களைத் தேடிப் பாருங்கள். பீரங்கிக் குண்டு மாதிரி இரண்டு கூம்புகளை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். பம்பர் அப்போது வண்டியின் நகை. நகையைப் போட்டுக்கொண்டு யாராவது மல்யுத்தத்துக்குப் போவார்களா?

*

நம்முடைய நகை அம்பாசடர்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் அச்சில் 1950களின் கடைசியில் உத்தர்பாராவில் தயாராகத் தொடங்கி, 2014இல் நின்றுபோன வண்டி. அதன் பழைய மாடல்களின் முன்பம்பர் கனத்த எஃகுப் பட்டை. மேலே இரண்டு கொம்பு மாதிரி ஓவர்ரைடர். நின்றுபோன அம்பாசடரை இன்னொரு அம்பாசடர் பின்னாலிருந்து முட்டித் தள்ளிக்கொண்டு போவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இரண்டு பம்பரும் ஒரே உயரம், ஒரே வளைவு. அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

இந்தப் பம்பரைப் பற்றிப் பேச ஆள் தேடியபோது சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ஒரு டிங்கர் பட்டறைக்காரர் கிடைத்தார். பெயர் போட வேண்டாம் என்றார். பதிமூன்று வயதில் புதுப்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தவர். கூவம் கரையோரம் பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகம் விற்கிற அதே புதுப்பேட்டைதான். “நம்ம வேல என்னன்னு கேட்டா எங்கம்மா ‘காருக்கு ஒடுக்கு எடுக்குறான்’னுதான் சொல்லும்” என்றார். பித்தளைக் குடத்துக்கும் அண்டாவுக்கும் ஒடுக்கு எடுக்கிறவர்கள் தெருவில் கூவிக்கொண்டு வந்த காலம். அந்தத் தாய்க்கு இரண்டும் ஒரே வேலை. உண்மையில் ஒரே வேலைதான்: உள்பக்கம் ஒரு இரும்பு அடை, வெளிப்பக்கம் ஒரு சுத்தியல், நடுவில் தகடு.

அவர் சொன்ன முறை இது. பம்பரைக் கழற்றி, வளைந்த இடத்தை முதலில் மொத்தமாக நிமிர்த்த வேண்டும். தேவையென்றால் கேஸ் வைத்துச் சூடேற்றலாம். பிறகு உள்ளே அடையைப் பிடித்துக்கொண்டு வெளியே பொடிப்பொடியாகத் தட்டி வர வேண்டும். “இரும்புன்னா தட்டத் தட்ட சத்தம் மாறும் தம்பி. ஒடுக்கு எங்க முடியுதுன்னு காதுலயே தெரியும்.” நிமிர்ந்த பிறகு முலாம் போடுகிற இடத்துக்குப் போகும். பழைய முலாமை எடுத்து, சக்கரத்தில் கொடுத்துக் கண்ணாடி மாதிரித் தேய்த்து, செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியாக ஒரு மெல்லிய படலமாகக் குரோம். நாம் குரோம் என்று மயங்குகிற பளபளப்பில் பாதி, கீழே இருக்கிற நிக்கலுடையது. தேய்ப்பில் சோம்பல்பட்டால் அத்தனை அடுக்கையும் தாண்டிக் கீறல் தெரியும்.

இதை எழுதும்போது எனக்குள் ஒரு ஏக்கம் கிளம்புகிறது, அதை நான் நம்புவதில்லை. அந்தக் குரோம் தொட்டியில் இருந்தது குரோமிக் அமிலம். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் வரவழைப்பது. அதன் ஆவியைச் சுவாசித்தவர்களுக்கு மூக்குத் தண்டு ஓட்டையானது மருத்துவ நூல்களில் பதிவான விஷயம். ‘அந்தக் காலத்து பம்பர் நூறு வருஷம் உழைக்கும்’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. விறைத்த எஃகுப் பட்டை வாங்கிய இடியைத் தான் வைத்துக்கொள்ளாது. சட்டத்துக்கு அனுப்பும், சட்டம் உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கு அனுப்பும். எதிரே வந்தது ஒரு மனிதர் என்றால் முழு இடியும் அவர் முழங்காலுக்கு.

*

பம்பர் எதற்காக இருக்கிறது என்று ஒரு அரசாங்கம் சட்டம் போட்டுக் கேட்டது அமெரிக்காவில்தான். 1960களின் இறுதியில் அங்கே காப்பீட்டு நிறுவனங்கள் கணக்குப் பார்த்தன. பெரிய விபத்துகள் போக, பார்க்கிங்கில் நடக்கிற சில்லறை முட்டல்களுக்கே ஏராளமாகப் பணம் போய்க்கொண்டிருந்தது. அவர்களுடைய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் கார்களை நடைவேகத்தில் மோதவிட்டுப் படம் எடுத்தது. பளபளக்கிற பம்பர் தப்பித்துக்கொள்ளும். அதற்கு மேலே இருக்கிற கிரில், விளக்கு, பானெட் எல்லாம் நொறுங்கும். ஒரு காரின் பம்பர் இன்னொரு காரின் பம்பரைச் சந்திக்கவே இல்லை, உயரம் வேறு வேறு.

1972 செப்டம்பர் 1 முதல், அதாவது 1973 மாடல் கார்களுக்கு, விதி வந்தது. மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பக்கமும் இரண்டரை மைல் வேகத்தில் பின்பக்கமும் சுவரில் இடித்தால் விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்ற பாதுகாப்புப் பாகங்கள் கெடக் கூடாது. ஐந்து மைல் என்பது எட்டு கிலோமீட்டர், என் தூண் வேகத்தைவிடக் கூடுதல். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. அதன் பெயரிலேயே ‘செலவு மிச்சம்’ என்ற சொல் இருக்கிறது. உயிர் மட்டுமல்ல, வண்டிக்காரரின் பர்ஸும் காப்பாற்றப்பட வேண்டியது என்று ஒரு நாடு எழுதி வைத்தது. தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலம் வரையிலான பட்டைக்குள் எல்லாக் கார்களின் பம்பரும் சந்தித்துக்கொள்ள வேண்டும் என்பதும் இதன் பகுதிதான். அம்பாசடர் அம்பாசடரைத் தள்ளிய அந்தச் சாதாரணக் காட்சி, அங்கே சட்டத்தால் கொண்டுவரப்பட வேண்டியிருந்தது.

கார்கள் அசிங்கமாயின. முகத்திலிருந்து தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிற கனத்த பம்பர்கள், அவற்றுக்குப் பின்னால் ஷாக் அப்சார்பர் மாதிரி எண்ணெய்க் குழாய்கள். பிரிட்டிஷ் எம்ஜிபி காரின் ஒல்லிக் குரோம் பம்பர் 1974இல் போய், கறுப்பு ரப்பர் மூக்கு வந்தது. ரசிகர்கள் இன்னும் அதை மன்னிக்கவில்லை. ஆனால் வேலை செய்தது. 1980 மாடல் வாக்கில் விதி இன்னும் இறுகி, ஐந்து மைல் இடியில் பம்பரிலேயேகூடப் பெரிய சேதம் தெரியக் கூடாது என்றானது.

1982இல் பின்வாங்கினார்கள். ரீகன் ஆட்சி. கனமான பம்பரால் எரிபொருள் செலவு, விலை கூடுதல், மிச்சமாவதைவிடச் செலவாவது அதிகம் என்று வாதம். ஐந்து மைல் இரண்டரை மைலானது. பம்பரின் மேற்பரப்பு கெடலாம் என்றும் ஆனது. பத்து ஆண்டுகள் மட்டும் நீடித்த ஒரு எண்ணம் அது: சின்ன இடியின் செலவை வண்டி செய்தவன் ஏற்க வேண்டும் என்ற எண்ணம்.

*

பிளாஸ்டிக் இதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. 1968இல் பான்டியாக் ஜிடிஓ காரில் வண்டியின் நிறத்திலேயே வளைந்து கொடுக்கும் மூக்கு வைத்தார்கள். விளம்பரத்தில் அதைச் சுத்தியலால் அடித்துக் காட்டினார்கள், அது பழையபடி எழும்பி நின்றது. 1972இல் பிரான்சில் ரெனோ 5 வந்தபோது அதன் பம்பர் முழுக்க பாலியெஸ்டர். முகத்தோடு முகமாக ஒட்டியிருந்தது, பார்க்கிங்கில் உரசினால் உரசட்டும் என்று சாம்பல் நிறத்தில். எனக்கு அந்தக் காரின் நேர்மை பிடிக்கும். ‘நான் இடிபடுவேன்’ என்று ஒப்புக்கொண்ட நிறம் அது.

பிறகு பெயின்ட் ஏறியது. கார் ஒரே துண்டாகத் தெரிய வேண்டும், காற்றைக் கிழித்துப் போக வேண்டும், எடை குறைய வேண்டும். இன்று நாம் பம்பர் என்று சொல்வது உண்மையில் பம்பரின் தோல். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பாலிபுரோப்பிலீன் கலவை. அதற்குப் பின்னால் ஒரு நுரைக்கட்டை அல்லது தேன்கூடு மாதிரி பிளாஸ்டிக். அதற்கும் பின்னால் குறுக்கே ஓடுகிற இரும்பு அல்லது அலுமினியச் சட்டம். நிஜ பம்பர் அந்தச் சட்டம்தான், அது ஒளிந்துகொண்டிருக்கிறது. இந்த மென்மைக்கு நியாயமான காரணமும் இருக்கிறது: பாதசாரியின் காலை முறிக்காமல் இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் வந்த விதிகள். சிம்ஸின் ரப்பர் நெற்றி வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

ஆக, மனிதர் காப்பாற்றப்படுகிறார். அது நல்லதுதான். ஆனால் தோலின் செலவு யாருக்கு என்ற கேள்விக்கு 1982க்குப் பிறகு யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

இந்தியாவில் இதன் கதை மாருதி 800இன் கறுப்பு பிளாஸ்டிக் பம்பரிலிருந்து தொடங்குகிறது. உரசினால் தெரியாது, பெயின்ட் இல்லை. 1998இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சான்ட்ரோ உருளத் தொடங்கியது. அந்த வருடங்களில் ‘பாடி கலர் பம்பர்’ என்பது ஒரு அந்தஸ்து. அடிமட்ட வேரியன்ட்டுக்குக் கறுப்பு, காசு கூடினால் வண்டி நிறம். கறுப்பு பம்பருக்குத் தனியாகப் பெயின்ட் அடித்து மேல் வேரியன்ட் என்று காட்டிக்கொண்டவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். உரசலுக்கு அஞ்சாத பம்பரைக் காசு கொடுத்து உரசலுக்கு அஞ்சுகிற பம்பராக மாற்றினோம். பிறகு அந்தப் பயத்தில் முன்னால் இரும்புக் குழாயில் கிராஷ் கார்டு மாட்டினோம். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது, மாட்டக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சொன்னது. காரணம் பழைய காரணம்தான். விறைத்த இரும்பு பாதசாரியைக் கொல்லும், ஏர்பேக் கணக்கையும் குழப்பும்.

*

‘ஃப்ரீ மாதிரிதான்’ என்றாரே, அந்தக் கணக்குக்கு வருவோம்.

நம் மோட்டார் பாலிசிகளில் வழக்கமான தேய்மான அட்டவணைப்படி பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். வண்டி ஷோரூமிலிருந்து நேற்று இறங்கியிருந்தாலும் பாதிதான். இரும்புப் பாகத்துக்கு முதல் ஆறு மாதம் தேய்மானமே இல்லை, பிறகுதான் படிப்படியாக ஏறும். ஒரு பொருள் பிளாஸ்டிக் ஆனதும் அதன் பாதி செலவு சத்தமில்லாமல் நம் பக்கம் நகர்ந்துவிட்டது. அதைத் தவிர்க்கத்தான் கூடுதல் பிரீமியம் கட்டி ‘ஜீரோ டெப்’ வாங்குகிறோம். பேச்சுவழக்கில் அதன் பெயரே ‘பம்பர் டு பம்பர்’.

நான் வாங்கியிருந்தேன். கட்டாயக் கழிவு ஆயிரம் போக ரூ. 12,800 கிடைக்கும். ஆனால் ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாததால் எனக்கு ஓடி பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. ஒரு க்ளெய்ம் போட்டால் அது பூஜ்ஜியம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50ஐத் தொடும். இழப்பைக் கூட்டினால் 50, 30, 25, 15, 5. மொத்தம் 125. அதாவது தள்ளுபடிக்கு முந்தைய ஒரு வருட ஓடி பிரீமியத்தைப்போல ஒன்றேகால் மடங்கு. வண்டியின் மதிப்பு குறையக் குறைய இது கொஞ்சம் குறையும். ஆனாலும் என் விஷயத்தில் பத்தாயிரத்துக்குப் பக்கம். பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தை வாங்கி, பத்தாயிரத்தைத் தவணையில் திருப்பிக் கொடுக்கிற ஃப்ரீ.

*

அதனால் நானே ஒட்டினேன். கேவலமாக ஒட்டினேன்.

ஹார்டுவேர் கடையில் இரண்டு குழாயாக வருகிற எபாக்சிப் பசையை வாங்கி, கிழிசலில் அப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்ப்ரே டப்பாவால் பெயின்ட் அடித்தேன். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பிரமாதம். மூன்றாவது வாரம் ஒரு வேகத்தடையில் அந்தப் பசை அப்படியே ஒரு பல் மாதிரி கழன்று விழுந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் அந்தப் பட்டறைக்காரரிடம் முதலில் போனேன். அவர் சிரிக்கவில்லை. பம்பரைக் கழற்றித் திருப்பி, உள்பக்கம் அச்சாகியிருந்த சின்ன எழுத்துகளைக் காட்டினார். பிபி, இபிடிஎம் என்று இருந்தது.

“இதுல எந்தப் பசையும் புடிக்காது தம்பி. எண்ணெய்ச் சட்டில ஸ்டிக்கர் ஒட்டுற மாதிரி. இத உருக்கித்தான் ஒட்டணும்.”

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவினார். ஒடுங்கியிருந்த ஓரத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி உள்ளிருந்து கையால் அமுக்கினார். அது தானாகவே பழைய வடிவத்துக்கு எழும்பியது. இந்த ஒரு வேலையை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம், கிழியாத ஒடுக்காக இருந்தால். பிறகு கிழிசலின் கடைசி நுனியில் ஒரு சின்ன ஓட்டை போட்டார், மேற்கொண்டு கிழியாமல் இருக்க. உள்பக்கம் கிழிசலை ஒட்டி ஆங்கில ‘வி’ மாதிரி பள்ளம் வெட்டி, சால்டரிங் ஐயனால் ஒரு கம்பி வலையைச் சூடாக்கி உள்ளே அமுக்கிப் புதைத்தார். அதன்மேல் இன்னொரு உடைந்த பம்பரிலிருந்து வெட்டிய பட்டையை உருக்கி நிரப்பினார். அதே ஜாதி பிளாஸ்டிக் வேண்டும், வேறு போட்டால் பிடிக்காது. வெளிப்பக்கமும் அப்படியே. புகை எழும்பியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் பெயின்ட் அடிக்கிற பையன் மூக்கில் கைக்குட்டை மட்டும் கட்டியிருந்தான். இரண்டு பாகம் கலந்து அடிக்கிற கிளியர் கோட்டில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது. அதற்குக் கைக்குட்டை போதாது. சொன்னேன். “மாஸ்க் இருக்குண்ணே, மூச்சு முட்டுது” என்றான். குரோம் தொட்டிக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

எல்லாவற்றையும் இப்படி ஒட்டிவிட முடியாது. உள்ளே இருக்கிற சட்டம் வளைந்திருந்தால், பானெட் இடைவெளி ஒரு பக்கம் கூடியிருந்தால், மாட்டுகிற காதுகள் மொத்தமாகப் போயிருந்தால் அவரே மாற்றச் சொல்லிவிடுகிறார். புதிய கார்களில் பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது. அதற்கு நேர் முன்னால் பட்டியும் பெயின்ட்டும் கனமாக ஏறினால் அது தப்பாகப் பார்க்கும். அந்த வண்டிகளின் பம்பரை அவர் தொடுவதில்லை. புதுப்பேட்டையில் பழைய பம்பர் வாங்கி மாட்டலாமா என்று கேட்டேன். “கெடைக்கும். கலரும் அதே கலர்தான். ஆனா உங்க கதவு வெயில்ல மங்கியிருக்கு, அது வேற வெயில்ல மங்கியிருக்கும்.”

வேலை முடிய இரண்டு நாள் ஆனது. ரூ. 2,600 வாங்கினார். அதில் பெயின்ட் செலவே பாதிக்கு மேல்.

பணம் கொடுக்கும்போது, பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த சுத்தியல்களைப் பார்த்தேன். ஏழெட்டு இருந்தன. ஒன்றிரண்டின் கைப்பிடி பளபளவென்று தேய்ந்திருந்தது. என் பம்பருக்கு அவற்றில் ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை. பையன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். ஒரு பெரிய கம்பெனியின் பாடி ஷாப்பில் வேலையாம்.

“டிங்கரா?”

“அப்படித்தான் சேர்ந்தான். அங்க கழட்டுறது மாட்டுறதுதான் வேல. நல்ல சம்பளம், பிஎஃப்லாம் புடிக்கிறாங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “ஞாயித்துக்கெழம இங்க வந்து அதுல ஒண்ண எடுத்து எதையாச்சும் தட்டிக்கிட்டு இருப்பான்” என்றார்.

வண்டியை வெளியே எடுக்க அவரே பின்னால் நின்று கை காட்டினார். சந்து ஒடுக்கம். “வரட்டும், வரட்டும், வரட்டும்... போதும்.” பக்கத்து மின்கம்பத்துக்கும் என் பின்பம்பருக்கும் நடுவே அவர் உள்ளங்கை இருந்தது.